திருவடி தரிசனம்



எம்பெருமானிடத்தில் அடியவர் நாடுவது அவன் திருவடியையே. வீடுபேற்றையும் திருவடிப்பேறு என்றே நம் பெரியோர் வழங்கினர். அத்திருவடியின் பெயர் தாங்கிய மலை நம் நாட்டிலே உண்டு. 2243 மீற்றர் உயரமுடைய சிவனொளிபாதமலையே அது. உச்சிப் பாறையிலுள்ள சுவட்டைச் சைவர் சிவபெருமானுடையதென்பர், பௌத்தர் புத்தபெருமானுடையதென்பர், இஸ்லாமியர் ஆதிபிதா ஆதமுடையதென்பர். ஏறும்போது வழக்காட ஒருவரிடமும் மூச்சு மிஞ்சியிருப்பதில்லை!

மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை யாத்திரைக் காலம். பெரும்பாலோர் இரவில் ஏறி, உச்சியிலே சூரியோதயம் காண்பர். அம்மாவுக்கு இருட்டிலே கண் தெரியாது. ஆகையால் 2013ஆம் ஆண்டு மாசி மாதம் நாம் பகலிலேயே ஏறினோம். விடிந்ததும் நல்லதண்ணியில் புறப்பட்டு, தேயிலைத் தோட்டங்களைக் கடந்து, சீதகங்குல ஓடையின் குளிர்நீரில் கைகால் கழுவினோம். படிகளோ 5000க்கும் மேல். பத்துப் படிக்கு ஒருதரம் அம்மா இருந்துவிடுவார். பின்னேர பஸ்ஸைத் தவறவிடுவோமே என்ற நினைப்பில் நான் வாய்விட்டுச் சினந்தேன். யாத்திரிகர் ஊசியும் நூலும் காணிக்கையிடும் இடம் வந்ததும், "தம்பி, நீ போட்டு வா. நான் இங்கையிருந்து கும்பிடுறன்" என்றார். ஒரு தேநீர்க் கடையில் அவரை இருத்திவிட்டு விரைந்தேன். உண்மையைச் சொன்னால், அப்போது எனக்கு ஆறுதலாகவே இருந்தது.

உச்சியிலே ஒரே முகில். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வெறுங்காலுடன் ஈரக் கல்லில் நின்று வணங்கினேன். எத்தனை முறை மலையேறினோமோ அத்தனை தரம் அங்குள்ள மணியை அடிப்பது வழக்கம். ஒருதரம் அடித்தேன். அம்மாவுக்காக இன்னொருதரம் அடிக்கலாமோ என்று கயிற்றைப் பிடித்தபடியே நின்றேன். அடிக்கவில்லை.

இறங்கும்போதுதான் அப்பர் சுவாமிகளின் கயிலை யாத்திரை நினைவுக்கு வந்தது. கால் தேய்ந்தது, கையால் தவழ்ந்தார். கையும் தேய்ந்தது; மார்பால் ஊர்ந்தார்; பின் புரண்டார். அவர் மலையை அடையவேயில்லை. இறைவன் அவரைத் திருப்பியனுப்பித் திருவையாற்றிலே கயிலைக் காட்சி நல்கினான். காரைக்காலம்மையாரோ அம்மலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையாலே நடந்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தவன். நம் ஊரிலும் தேர்த்திருவிழாவுக்கு வரமுடியாமல், விறாந்தையிலிருந்தே மணியோசைக்குக் கைகூப்பும் முதியோர் எத்தனை பேர்!

அம்மா இருந்த இடத்திலேயே இருந்தார். "வடிவாய்க் கும்பிட்டனியோ?" என்று கேட்டார். பிறகு, "சப்பாத்தைக் கழற்று" என்றார். கால் கொப்புளித்ததோ என்று பார்க்கப்போகிறார் என எண்ணிக் கழற்றினேன். அவர் குனிந்து, என் உள்ளங்காலைத் தொட்டுத் தம் கண்களில் ஒற்றிக்கொண்டார். பதறிப்போய்க் காலை இழுத்தேன்.

"உனக்கில்லையடா. அங்கை நிண்ட கால் எல்லோ" என்றார்.

படிகளில் இருந்திருந்து, அவருடைய நடைக்கே இறங்கினோம். பஸ் போய்விட்டிருந்தது.