வழியிற் பெற்ற கண்ணும் ஊரிற் பெற்ற கண்ணும்

தாம்பரத்தில் வதியும் இளைஞரொருவர், ஞாயிறுதோறும் யாம் நடாத்திவரும் சிவஞானபோத வகுப்பிற்கு வருபவர், அண்மையில் எம்மை அணுகி ஒரு வினா எழுப்பினார். “ஐயா, கல்வி முடிந்தது, தொழிலும் வாய்த்தது. ஆயினும், வீட்டாரும் தோழரும் சூழ்ந்திருக்குங்காறும் யான் யார் என்பது எனக்குப் புலப்படவில்லை. சின்னாள் தனியே எங்கேனும் சென்று, என்னை யான் அறிந்துகொண்டு திரும்ப விழைகின்றேன். இதற்கு நம் சித்தாந்தம் உடன்படுமா?” என்றார். அற்றைநாள் அவர்க்குக் கூறிய விடை எமக்கே நிறைவளிக்கவில்லை. ஆதலின் அவ்வினாவை மீண்டும் ஆராய்ந்து, கண்டவற்றை ஈண்டு அன்பர்கள்முன் வைக்கின்றாம்.

இவ்வினா அவரொருவர்க்கே உரியதன்று. 1931 முதல் மின்சார வண்டிகள் வந்து செல்லும் தாம்பரம் நிலையத்திலும், 2023ஆம் ஆண்டின் இறுதியில் திறக்கப்பெற்ற கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்திலும், தோளிற் பையொன்றைத் தாங்கித் தனித்து நிற்கும் இளைஞர் பலரைக் காணலாம். பொருள்தேடிச் செல்வார் சிலர். தம்மையே தேடிச் செல்கின்றேம் என்பார் சிலர். பின்னவரை எள்ளி நகையாடுதல் பெரியோர்க்கு அழகன்று. தன்னை அறியாதவன் தலைவனை அறியமாட்டான் என்பது நம் சமயத்தின் துணிபு. எனவே அவர்தம் வேட்கை பழிக்கத்தக்கதன்று, வழியே ஆராயத்தக்கது. தனியே செல்லுதல் என்பது கூடுமோ, சென்றவர் தம்மை அறிவரோ, திரும்புதல் எற்றுக்கு என அவ்வாராய்ச்சி மூன்றாய் விரியும்.

இதற்கு இலக்கியமாய் அமைந்த வரலாறொன்றை, தாம்பரத்திற்கு அணித்தாய குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார் பெருமானே நமக்கு வகுத்துத் தந்துள்ளார். அது நம்பியாரூரராகிய சுந்தரமூர்த்தி நாயனார் திருவொற்றியூரினின்றும் திருவாரூர்க்கு மீண்ட வரலாறு. அவர் நிலவுலகில் 18 ஆண்டுகளே வாழ்ந்தார் என்பது மரபு. ஆகவே, இளைஞர் வினாவிற்கு இளைஞர் ஒருவரின் வாழ்வே விடை கூறுகின்றது என்க.

முதற்கண், அவர் ஒற்றியூர்க்குச் சென்ற வழியை நோக்குவாம். திருக்கழுக்குன்றத்தை வணங்கிப் போந்த நம்பி, திருக்கச்சூர் ஆலக்கோயிலை நண்பகற் போதில் அடைந்தார். இன்று தாம்பரத்தினின்றும் தெற்கே செல்லும் பெருஞ்சாலையில் மறைமலைநகரையும் சிங்கப்பெருமாள் கோயிலையும் அணுகுவார்க்கு அவ்வூர் மிக அண்மைத்து. உணவமைக்கும் பரிசனத்தார் வந்து சேராமையின் நம்பி பசித்திருந்தார். அப்போது இறைவன் அந்தணராய் வந்து, அவரை அங்கேயே இருக்கச்செய்து, கொடுவெயிலில் மனைதோறும் சென்று இரந்து, சோறும் கறியும் கொணர்ந்து ஊட்டி மறைந்தருளினான் என்பது வரலாறு. இதனை அற்புதம் என்று கூறி அமைதல் போதாது. இறைவன் நினைந்தவளவிற் சோற்றைத் தோற்றுவித்தல் கூடும். அங்ஙனம் செய்யாது பல மனைகளின் வாயிலில் நின்று இரந்தது என்னை? நம்பி உண்டது ஓரூர் மக்கள் பலரும் இட்ட சோறு. தனிவழிச் செல்கின்றேன் என்பான் உண்ணும் சோறும், பருகும் நீரும், நடக்கும் சாலையும் பிறர் உழைப்பின் பயனேயாம். உடல் தனித்துச் செல்லலாம். வாழ்வு தனித்துச் செல்லாது.

உடலின் நிலை இதுவாக, உயிரின் நிலையோ இன்னும் நுண்ணியது. உயிர் சார்ந்ததன் வண்ணமாந் தன்மையது என்பது சித்தாந்தத்தின் உயிர்நிலைக் கொள்கை. மலத்தைச் சார்ந்துழி மலமேயாய் நிற்கும். சிவத்தைச் சார்ந்துழிச் சிவமேயாய் விளங்கும். ஒன்றையுஞ் சாராது நிற்கும் உயிர் யாண்டும் இல்லை. ஆகவே, வீட்டையும் தோழரையும் விட்டுச் செல்வோன் சார்பின்றிச் செல்கின்றானல்லன்; ஒரு சார்பை விட்டு மற்றொரு சார்பைப் பற்றுகின்றான். எதனைப் பற்றுகின்றான் என்பதே வினா. ஏனையோர் நீங்கிய வெற்றிடத்தில் அவனுடன் எஞ்சி நிற்பது அநாதியே உடன்வரும் ஆணவமாயின், அவன் தேடிச்சென்ற ‘யான்’ என்பதை ஆணவமே எடுத்து நீட்டும்; அவனும் தன்னைக் கண்டேன் என மகிழ்ந்து மீள்வான். உலகத்து இருள் பிறபொருள்களை மறைப்பினும் தான் இருள் என்பதையேனும் புலப்படுத்தும். ஆணவமோ தன்னையும் காட்டாது என உமாபதி சிவனார் திருவருட்பயனிற் காட்டியது இவ்விடர்ப்பாட்டையேயாம்.

அற்றேல் தனிமையாற் பயனில்லையோ எனின், உண்டு. அதனை நம்பி மீண்ட வழியிற் காண்பாம்.

ஒற்றியூரில் சங்கிலியாரை மணந்த நம்பி, ‘நின்னைப் பிரியேன்’ என மகிழமரத்தின் கீழ்ச் சூளுரைத்தார். பின்னர் வேனிற்பருவம் வந்தது, தென்றல் வீசியது, திருவாரூரின் வசந்த விழாவும் பரவையாரும் நினைவில் எழுந்தனர். சூளை மறந்து ஒற்றியூர் எல்லையை மிதித்த அளவில் அவர்தம் இருகண்களும் ஒளியிழந்தன. வழிகாட்டுவார் உளராயினும், கண்ணிழந்தான் ஒருவனது இருளைப் பிறர் பகுத்துக்கொள்ளுதல் இயலாது. அவ்வகையில் நம்பியின் தனிவழி அன்றுதான் தொடங்கிற்று.

ஈண்டு ஓர் உண்மையை மறைத்தல் தகாது. ஊர்க்குத் திரும்புதல் என்று நாம் உவந்து கூறும் செயல், ஒற்றியூரில் இருந்த சங்கிலியார்க்கு விட்டு நீங்குதலாகவே இருந்தது. ஒருவர்க்கு மீட்சியாவது மற்றொருவர்க்குப் பிரிவாகின்றது. தம்பிரான் தோழர் என்பதற்காக இறைவன் அப்பிழையைக் காணாதான்போல் இருந்திலன், ஒறுத்தான். ஒறுத்தபின் கைவிட்டானும் அல்லன். திருவெண்பாக்கத்தில், கோயிலினுள் உளையோ என நம்பி வினாவ, ஏதிலார்போல் ஒரு மறுமொழி கூறி, கண் தாராது ஊன்றுகோல் ஒன்றே தந்தான். அப்பழம்பதி, 1944இல் முற்றுப்பெற்ற பூண்டி நீர்த்தேக்கத்துள் அமிழ்ந்தமையின், கோயில் வேறிடத்தில் அமைக்கப்பெற்று விளங்குகின்றது. சென்னை மக்களின் நீர்வேட்கையைத் தணிக்கும் அந்நீரின்கீழ்க் கிடக்கும் நிலத்திலேதான், தோழமைக்கும் ஒரு நீதி உண்டு என்பதை நம்பி அறிந்தார்.

கோலூன்றிச் சென்ற நம்பிக்குக் காஞ்சியில் திருவேகம்பன் இடக்கண் ஒன்றனை மட்டும் அருளினான். மற்றொரு கண் திருவாரூரை அடைந்த பின்னரே கிடைத்தது. இவ்விரு கண்களும் ஓரிடத்தே தரப்படாமையின் கருத்து யாது? காஞ்சியில் அருள்புரிய வல்லவனுக்கு இரண்டனையும் அங்கேயே தருதல் அரிதன்று. நுணுகி நோக்குவார்க்கு ஒன்று புலனாம். வழியிற் கிடைக்கும் கண் ஒன்று. ஊரிற் கிடைக்கும் கண் மற்றொன்று. தன் பிழையைத் தானே உணர்தல், தன் ஆற்றலின்மையை அறிதல், தன்னினும் பெரியதொன்று தன்னைத் தாங்குகின்றது எனத் தெளிதல் ஆகிய இவை வழியில் வாய்க்கும். இவற்றிற்குத் தனிமை துணைசெய்யும். ஆயின், தன்னை அறிந்தோர் முகத்தில் தன்னைக் காணுதல், தன்னால் நொந்தோர் வாயிலில் நிற்றல், மீண்டும் அவருள் ஒருவனாதல் ஆகிய இவை ஊரிலன்றி வாய்க்கமாட்டா. முதற்கண்ணோடு அமைந்துவிட்டவன் ஒருபுறமே காண்பான்.

இரண்டாங்கண் பெற்றபின்னும் நம்பிக்கு வீடு எளிதில் திறந்திலது. சங்கிலியார் செய்தியைக் கேட்டிருந்த பரவையார் வெகுண்டு வாயிலடைப்பித்தார். தம்முடைய அறிவாலும் பாட்டாலும் அதனைத் திறக்க இயலாமையை நம்பி உணர்ந்தார். தோழனாகிய தியாகேசன் நள்ளிரவில் ஆரூர் வீதியில் ஒருமுறைக்கு இருமுறை தூது நடந்தான். அதுகேட்டுச் சினந்த ஏயர்கோன் கலிக்காமர் உயிர்விடத் துணிந்ததும், அவர்பொருட்டு நம்பியும் உயிர்விடத் துணிந்தவழி இறையருளால் எழுந்து தடுத்ததும், அன்றுமுதல் இருவரும் கெழுதகை நண்பராயதும் அன்பர் அறிந்தனவே. தமக்குப் பகையாய் நின்றவரையும் தோழராகப் பெற்றமை, நம்பி தம்மை அறிந்ததன் பயனாகும். அஃது ஊர் திரும்பியபின் பெற்ற பயன் என்பது கருதத்தக்கது.

இனி, நம் முன்னோர் வைத்த பெயர் ஒன்றை நோக்குக. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கினையும் முறையே தாசமார்க்கம், சற்புத்திரமார்க்கம், சகமார்க்கம், சன்மார்க்கம் என்பர். யோகம் என்றவுடன் மலைமுழைஞ்சும், மூடிய கண்ணும், ஒருவன் தனித்திருக்கும் இருக்கையுமே நம் நினைவிற்கு வரும். அந்நெறிக்கு முன்னோர் இட்ட பெயரோ தோழமைநெறி என்பது. அதற்கு எடுத்துக்காட்டாய்ப் போற்றப்படுபவரும் ஓரிடத்துத் தனித்திருந்து கண்மூடினாரல்லர். பதிதோறும் நடந்து, நட்புச்செய்து, பிணங்கி, மீண்டும் இணங்கிய நம்பியாரூரரே. தனிமையில் ஒருவன் தேடுவது தன்னையே எனினும், அங்கே அவன் பெறுவது ஒரு தோழனை. அத்தோழனைப் பெற்றான் என்பதற்கு அடையாளம், ஏனைத் தோழரிடத்து அவன் நடந்துகொள்ளும் முறையே. மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களுள் இறுதியாயதில், மும்மல அழுக்கு நீங்கிய ஞானிக்கும் அடியார் கூட்டத்தையே வாழிடமாக விதித்தமையும் இதுபற்றியேயாம். வீடுபேற்றின் வாயிலிலும் தனிமை விதிக்கப்படவில்லை.

அற்றேல், பட்டினத்தடிகள் போலும் துறவோர் மீளாது சென்றாரன்றோ எனின், கூறுதும். அவர்தம் சமாதி அமைந்திருப்பதும் அதே ஒற்றியூரிற்றான். செல்வம் முழுதும் துறந்த அப்பெருமானும், ஈன்ற தாயார் இறந்த ஞான்று வந்து ஈமக்கடன் ஆற்றியே சென்றார் என்பது வழிவழி வரும் செய்தி. துறவு பொருளின்மேற் பற்றையன்றி அன்பின் கடனை அழிக்கவில்லை. நம் பகுதியிலேயே இன்னும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1911இல் பல்லாவரத்திற் குடியேறி அவ்வாண்டே துறவுக்கோலம் பூண்ட மறைமலையடிகள், மனைவி மக்களும் நூல்களும் சூழவே அவ்வூரில் வாழ்ந்து 1950இல் மறைந்தார். உள்ளம் செல்லவேண்டிய தொலைவிற்குக் கால்கள் சென்றே தீரவேண்டுமென்னும் யாப்புறவு இல்லை என்பது அவ்வாழ்விற் பெறப்படும்.

இவற்றால் அவ்விளைஞர்க்கு யாம் கூறும் விடை இதுவாகின்றது. செல்லுக; சித்தாந்தம் தடைசெய்யாது. ஆயின் செல்லுமுன், நின்னால் விடப்படுவோர் யாவர், அவர்க்கு நீ உரைத்த மொழி யாது என்பதை எண்ணுக. ஒருவர்க்கும் உரையாது மறைந்து செல்லற்க. வழியில் திருக்கச்சூர்ப் பெருமானை வணங்கி, நினக்கு அங்கே ஒருவர் தண்ணீர் தரின், அது யார் இரந்து கொணர்ந்தது என நினைக. திரும்பியபின், யான் கண்டது இது, யான் அடைந்தது இது எனத் தோழரிடம் விரித்துரைக்குமுன், நீ இல்லாத நாள்களில் அவர்க்கு நிகழ்ந்தவற்றைக் கேட்க. கேட்கும் பொறுமை முன்னையினும் மிகுந்திருப்பின், நின் பயணம் பயன்பட்டது. ‘யான்’ என்னும் சொல் நின் நாவில் முன்னையினும் மிகுந்திருப்பின், எத்துணைத் தொலைவு சென்றிருப்பினும் நீ இன்னும் எல்லையை மிதிக்கவில்லை என்க.

நம்பி இறுதியில் திருவஞ்சைக்களத்தினின்றும் வெள்ளையானைமீது திருக்கயிலைக்கு எழுந்தருளியபோதும், தோழர் சேரமான் பெருமாளை நினைந்தே சென்றார். சேரமானும் குதிரைமேல் உடன் சென்று முன்னாயினார். மீளா வழியிலும் அவர் தனியே சென்றாரல்லர்.

தமிழ்மக்கள் மனையினின்று புறப்படுங்கால் ‘போகின்றேன்’ என்று கூறார். ‘போய் வருகின்றேன்’ என்றே விடைபெறுவர். விடைகொடுப்போரும் ‘போய் வா’ என்பர். போதலும் வருதலும் ஒரு செயலின் இருபுறங்கள் என்பதை நம் தாய்மார் வாயில்தோறும் நின்று ஓதுவித்து வருகின்றனர். அவ்விளைஞர் அடுத்த ஞாயிறன்று எம்மிடம் விடைபெற வருவதாகக் கூறியுள்ளார். அவர்க்கு யாம் சொல்லவிருப்பதும் அதுவே: போய் வருக.

திருச்சிற்றம்பலம்.