குதிரைக்கு நான்கு வழி

பலகையில் ஐந்தே காய்கள். வெள்ளைக்கு ராஜா, இரண்டு மந்திரிகள். கறுப்புக்கு ராஜா, ஒரு குதிரை.

மற்ற 59 கட்டங்களும் காலி.

மந்திரியை எடுக்கிறேன். அடியில் ஒட்டிய பச்சைத் துணி தேய்ந்திருக்கிறது. வைத்த பிறகும் விரல் அதன் தலையிலேயே இருக்கிறது.

குதிரை ஏ5-ல், ஓரத்தில். அதே வரிசையில் இரண்டு கட்டம் விட்டு, டி5-ல் வெள்ளைக் கட்ட மந்திரி.

ஓரத்துக் குதிரைக்கு நான்கு வழி. பி7, சி6, சி4, பி3. நான்கும் அந்த ஒரு மந்திரியின் பார்வையில்.

குதிரையை அது தொடவில்லை. தொடவும் முடியாது. குதிரை நிற்பது கறுப்புக் கட்டம்.

தொடக்கூடிய மந்திரி தூரத்தில், எச்8-ல். அங்கிருந்து சி3. சி3-லிருந்து ஏ5.

அவசரம் ஏதும் தோன்றவில்லை.

மூச்சு மெதுவாகப் போய் வருகிறது.

காய்களை மாற்றி வைக்கிறேன்.

குதிரை பி7-ல். மூலையிலிருந்து குறுக்காக ஒரு கட்டம் உள்ளே. கறுப்பு ராஜா அதை ஒட்டி. 1851-ல் க்ளிங்கும் ஹார்விட்ஸும் காட்டிய நிலை. இங்கே வந்து சேர்ந்தால் டிரா. நூற்று முப்பது வருஷத்துக்கும் மேல் அப்படித்தான் நம்பிக்கை. எத்தனையோ பேர் இந்த இடத்தில் கைகுலுக்கி எழுந்திருப்பார்கள்.

1983. பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனின் கணினி ஆட்டத்தின் முடிவிலிருந்து பின்னோக்கி வருகிறது, ஒவ்வொரு நிலையாக. மந்திரிகள் அநேகமாக எப்போதும் வெல்கின்றன. மிக நீண்ட வழிக்கு 66 நகர்வுகள்.

விதி 50 தருகிறது. வெட்டு விழாமல், சிப்பாய் நகராமல் 50 கடந்தால் டிரா கேட்கலாம். இங்கே நகரச் சிப்பாயே இல்லை.

66. 50.

இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

பி7 கலையும். சில நகர்வுகள் போதும். கலைந்ததும் ராஜாவும் குதிரையும் இன்னொரு மூலைக்கு ஓடுகின்றன, மறுபடி அதே மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்க. நான் ஆடுவது வெள்ளைக்கு. ஆனாலும் அந்த ஓட்டத்தைப் பார்க்கையில் நெஞ்சு அதன் பக்கம் போகிறது. போகட்டும்.

மந்திரியை அதே கோட்டில் ஒரு கட்டம் தள்ளி வைக்கிறேன். எதையும் தாக்கவில்லை. எந்த வழியும் புதிதாக அடைபடவில்லை. முறை மட்டும் கைமாறியிருக்கிறது.

கறுப்பு ஆடியாக வேண்டும். இருந்த இடத்திலேயே இருக்க இந்த ஆட்டத்தில் அனுமதி கிடையாது.

ராஜாவா, குதிரையா.

வெள்ளை ராஜா இன்னும் இரண்டு கட்டம் தள்ளி.

குதிரை டி6-க்குத் தாவுகிறது. அங்கே அதற்கு எட்டு வழி.