கல்லைத் தொடாதவரின் வினை

செஞ்சிக் கோட்டையின் வரலாறு ஆண்டோரின் பெயர்களாலேயே சொல்லப்பட்டு வருகிறது. கோனார் மரபினரில் தொடங்கி, விசயநகரத்தின் கீழ் ஆண்ட நாயக்கர்கள், பீஜப்பூர்ப் படை, 1677இல் சிவாஜி, 1698இல் முகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என அந்தப் பட்டியல் நீள்கிறது. கோட்டைக்குள் இருக்கும் வெங்கடரமணர் கோயிலும் முத்தியாலு நாயக்கர் கட்டியது என்றே குறிக்கப்படுகிறது. ஆயினும் கோட்டை மலைகளுள் ஒன்றான ராஜகிரியின் உச்சிக்குச் செல்லும் வழியில், ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் கொண்ட இயற்கைப் பிளவை நிரப்பாமல் விட்டு, எடுத்துவிடக்கூடிய பாலம் ஒன்றால் மட்டும் அதைக் கடக்கச் செய்யலாம் என்று எண்ணியவர் ஒருவர் இருந்திருக்க வேண்டும். கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலின் மாடிகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கி அடுக்கியவரும், கோட்டையின் மூன்று மலைகளையும் ஒரே மதிலுக்குள் இணைத்தவரும் அத்தகையோரே. இன்றைய வடிவமைப்பு நிறுவனமாயின் அவர் மூத்த கட்டடக் கலைஞர் என்றும், கால அட்டவணை, செலவு, ஆள், பொருள் ஆகியவற்றைக் கண்காணிக்கும் திட்ட மேலாளர் என்றும் அழைக்கப்படுவார். அவர் கல்லைத் தொடுவதில்லை, பணத்தைப் போடுவதும் இல்லை. அப்படியிருக்க, எழுந்து நிற்கும் கட்டடம் யாருடைய செயல்? செய்தவனையே வினை பற்றும் என்று கொள்ளும் தமிழ்ச் சமய மரபில் இது பெயர்ப்பலகையோடு முடிந்துவிடும் கேள்வியன்று.

தமிழ் இலக்கணம் இக்கேள்வியின் ஒரு பாதியை முன்பே எதிர்கொண்டது. அரசன் கோயில் கட்டினான் என்னும்போது, பிறரை ஏவிச் செய்வித்த அவன் ஏவுதற்கருத்தா ஆகிறான். தச்சன் கட்டினான் என்னும்போது, தன் கையால் செய்த அவன் இயற்றுதற்கருத்தா ஆகிறான். இருவருக்கும் வினைமுற்று ஒன்றே என்பது உரையாசிரியர்கள் கண்ட நுட்பம். ஆனால் அரசனால் ஏவப்பட்டுத் தச்சரை ஏவுகின்ற நடுவானவருக்கு இப்பகுப்பில் தனியிடம் இல்லை. மேலிருந்து பார்த்தால் அவர் இயற்றுபவர், கீழிருந்து பார்த்தால் ஏவுபவர்.

இந்த நடுவானவரின் மறைவைச் செஞ்சி வட்டாரத்திலேயே மிகப் பழைய வடிவில் காணலாம். செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையிலுள்ள மண்டகப்பட்டில், 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து ஒரு கோயில் எடுப்பித்தான். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றிப் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் இதை விசித்திரசித்தன் (மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்) என்ற அரசன் செய்வித்தான் என அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு அறிவிக்கிறது. ‘செய்தான்’ என்று சொல்லாமல் ‘செய்வித்தான்’ என்று சொன்ன அளவில் அக்கல்வெட்டு நேர்மையானதுதான். யாரைக் கொண்டு செய்வித்தான் என்பதை மட்டும் அது சொல்லவில்லை.

குடைவரையில் இந்த மௌனம் கூடுதலாக உறுத்துகிறது. கட்டுமானக் கோயிலில் பிழையான கல்லைக் கழற்றி வேறொன்றை வைக்கலாம். குடைவரையிலோ உளிபட்டு விழுந்த சில்லு மீண்டும் ஒட்டாது. மாமல்லபுரத்தில் முற்றுப்பெறாமல் நிற்கும் பாறைகளைப் பார்ப்போர், முகப்பு முழுவதும் சதுரம் சதுரமாகப் பிரிக்கப்பட்டு, கோடுகள் ஆழமான பள்ளங்களாக வெட்டப்பட்டு, இடையில் மிஞ்சிய கட்டங்கள் ஒவ்வொன்றாக உடைத்தெறியப்பட்ட தடத்தைக் காணலாம். எந்தக் கட்டம் விழ வேண்டும், எது தூணாகவோ வாயிற்காவலனாகவோ நிற்க வேண்டும் என்பது முதல் அடி விழுமுன்பே ஒரு மனத்தில் முடிவாகியிருக்க வேண்டும்.

அந்த மனத்துக்கு உரியவரை மயமதம் என்னும் சிற்பநூல் ஸ்தபதி என்று அழைத்து, அவருக்குக் கீழே மூவரை வைக்கிறது: நூல்கயிறும் அளவுகோலும் பிடிக்கும் சூத்திரகிராகி, வெட்டும் தட்சகன், வெட்டியவற்றைப் பொருத்தும் வர்த்தகி. இப்படிநிலை இன்றைய வடிவமைப்பு அலுவலகத்துக்கு அவ்வளவாக அந்நியமானதன்று. எல்லாக் காலத்திலும் ஸ்தபதியின் பெயர் மறைக்கப்பட்டது என்பதும் சரியாகாது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனைப் பெயர் சொல்லியே குறிக்கிறது.

செஞ்சியைப் போலவே இன்றைய விழுப்புரம் மாவட்டத்துக்குள் அடங்கிய திருவெண்ணெய்நல்லூரில் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மெய்கண்டாரின் சிவஞானபோதமும் அதன்வழி வளர்ந்த சைவ சித்தாந்தமும் இக்கேள்வியை ஒரு படி மேலே கொண்டுசெல்கின்றன. எந்தக் காரியத்துக்கும் மூன்று காரணங்கள் உண்டு என்பது அக்கொள்கை. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகத்துக்கு மாயை முதற்காரணமாகவும், இறைவனது சத்தி துணைக்காரணமாகவும், இறைவன் நிமித்த காரணமாகவும் நிற்கின்றனர். ஆயினும் கையில் மண் ஒட்டும் குயவனைவிட, கை படாமல் சங்கற்பத்தால், அதாவது நினைவின் உறுதியால், பிறரைத் தொழிற்படுத்தும் ஸ்தபதியே அந்த இறைவனுக்கு நெருங்கிய உவமை ஆவார்.

உவமை ஓரிடத்தில் முறிகிறது, முறியவும் வேண்டும். இறைவன் ஐந்தொழில் செய்தும் வினையில் தோய்வதில்லை; அவனுக்கெனப் பெற வேண்டிய பயன் எதுவும் இல்லை. உயிர்களின் நிலை அதுவன்று. அவை மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றாலும் வினையை ஈட்டுகின்றன. இப்பிறவியில் புதிதாக ஈட்டப்படும் அவ்வினைக்கு ஆகாமியம் என்று பெயர். கொத்தனாரும் சித்தாளும் பெரும்பாலும் காயத்தால் ஈட்டுகின்றனர் என்றால், வரைபடம் போடுபவர் மனத்தாலும், தளத்தில் உத்தரவிடுபவர் வாக்காலும் ஈட்டுகின்றனர். ‘தொடவில்லை, ஆகவே தமக்குப் பங்கில்லை’ என்ற வாதத்துக்குச் சித்தாந்தத்தில் இடமே கிடையாது.

இது வெறும் தத்துவக் கணக்கு அன்று. 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையின்போது சரிந்ததில் 61 பேர் மாண்டனர்; அவர்களில் பெரும்பாலோர் கட்டுமானத் தொழிலாளர்கள், வேற்று மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தோர் பலர். கட்டடம் நின்றால் புகழ் ஏவியவரிடம் ஏறிச் செல்கிறது. விழுந்தால் அதன் எடை இயற்றியவர்மேல் இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பவர் எதிலும் அகப்படாமல் தப்பிவிட முடியும் என்பதே அவரது பதவியின் பெரிய ஆபத்து. அதைச் சலுகையாக எண்ணுவோரும் உண்டு.

சிற்ப மரபு அவரை அப்படி விட்டுவிடவில்லை. திருமேனிக்குக் கண் திறக்கும் உரிமை ஸ்தபதிக்கே உரியது. குடமுழுக்குக்கு முன் அவர் சிறப்புச் செய்யப்பெற்று விடைபெறுகிறார், அதன்பின் தாம் செய்த திருமேனியை அவரும் மற்றவர்களைப் போல எட்ட நின்றே வணங்க வேண்டும். உரிமையைத் துறக்கும் இச்சடங்கைப் பொறுப்பைத் துறப்பதாகக் கொள்ளக் கூடாது. அளவு பிழைத்தால் தீங்கு விளையும் என்று சிற்பநூல்கள் திரும்பத் திரும்ப எச்சரிப்பது அதனால்தான். இன்று பணி நிறைவுச் சான்றிதழோடு நடக்கும் ஒப்படைப்பில் துறவு மட்டுமே எஞ்சியிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டமும், வீடு ஒப்படைக்கப்பட்ட 5 ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறைகளைச் செப்பனிடும் கடமையை, கட்டி விற்கும் மேம்பாட்டாளர்மீது, அதாவது ஏவுதற்கருத்தாவின்மீதே, சுமத்துகிறது. சித்தாந்த நோக்கில் அது பாதிப் பொறுப்பே. எந்தத் தூண் எவ்வளவு தாங்கும் என்று மனத்தால் முடிவு செய்து வரைபடத்தில் கையெழுத்திட்டவரின் பங்கு, கட்டடம் யார் கைக்கு மாறினாலும் அவரிடமே இருக்கிறது.