தென்னம்பிள்ளை வைப்பதற்கு முன்

வன்னியில் புதுக் காணிக்குப் போகிறவர் வீட்டுக்கு முன்னால் வேலியைத்தான் நினைப்பார். காடு வெட்டி, எல்லை பார்த்து, கதியால் ஊன்றுவார். பூவரசும் கிளுவையும் மாரி மழைக்குத் துளிர்த்தால் மனதுக்கு ஒரு தைரியம். கொட்டில், கிணறு, தென்னம்பிள்ளை எல்லாம் அதற்குப் பிறகு.

1977 ஆகஸ்ட் கலவரத்தில் அடிபட்டு, மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து சேர்ந்த குடும்பங்களுக்கு இந்த வரிசையே புதிது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் அவர்களுக்குத் தலைமுறைகள் கழிந்திருந்தன. காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் அதுவும் போகும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரின் கதி 1974 வரை தொங்கிக் கிடந்தது.

அந்தப் பங்கீட்டில் நீலகிரிக்குப் போனவர்கள் அங்கே சிலோன்காரர். இலங்கையில் தங்கியவர்கள் இந்தியத் தமிழர். வன்னிக்கு வந்தவர்களுக்குத் தோட்டக்காட்டார் என்ற பெயர் காத்திருந்தது. எந்த மண்ணில் நின்றாலும் வேறொரு மண்ணின் பெயரைச் சொல்லியே அழைக்கப்பட்டவர்களுக்கு, வன்னி கடல் கடக்காமல் வந்த வெளிநாடுதான்.

அந்த வெளிநாட்டில் முதல் பாடம் தண்ணீர். மலையில் பீலியில் இரவு பகலாக ஒழுகிய தண்ணீரை இங்கே கிணறு வெட்டித் தேட வேண்டியிருந்தது. மழையோ பெரும்பாலும் ஐப்பசி முதல் தை வரைக்கும்தான். மீதி மாதங்களில் வெக்கை. அதோடு அந்த நாட்களில் மலேரியாக் காய்ச்சல். இரணைமடுக் குளத்து வாய்க்கால் பாய்கிற வயல்களில் முந்தி வந்தவர்கள் இருந்தார்கள். பிந்தி வந்தவர்களில் பலருக்கு மேட்டுக்காணியும், அடுத்தவர் வயலில் கூலி வேலையும்தான் மிஞ்சின. வந்தாரை வாழவைத்தோம் என்று பெருமைப்படுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சேர்ந்து நின்றவர்களும் இருந்தார்கள். வவுனியாவை மையமாகக் கொண்ட காந்தீயம் அமைப்பு இந்தக் குடும்பங்களைக் காணிகளில் குடியேற்றியது. பிள்ளைகளுக்குப் பாலர் பள்ளிகள் நடத்தியது. அதன் முன்னோடிகளான வைத்தியர் இராஜசுந்தரம், கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட் இருவரும் 1983இல் கைதானார்கள். அந்த ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் மட்டக்களப்புச் சிறையிலிருந்து தப்பிச் சென்னைக்குப் போய், முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே அகதியாக வாழ்ந்தார். பிறருக்குக் குடியிருப்பு அமைத்த கட்டடக் கலைஞர் 2015இல்தான் நாடு திரும்பினார். அதே ஆண்டு கிளிநொச்சியில் கண்மூடினார்.

மலையகக் குடும்பங்கள் குடியேறியிருந்த கென்ற் பாம், டொலர் பாம் என்ற பண்ணைகள் இரண்டிலிருந்தும் 1984இல் அவர்கள் விரட்டப்பட்டார்கள். அங்கே சிங்களக் கைதிகள் குடும்பங்களோடு குடியமர்த்தப்பட்டார்கள். அந்த நவம்பரில் புலிகள் நடத்திய தாக்குதலில் அவர்களில் பலர் கொல்லப்பட்டார்கள். ஒரே மண், இரு சாராரும் ஏழைகள், யாருக்கும் அது வீடாகவில்லை.

2008, 2009இல் போர் நெருங்க, கிளிநொச்சி முழுவதும் காலியானது. தறப்பாள் கூடாரங்களிலும் பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலும் இருந்து திரும்பியவர்கள், கதியால்கள் மரமாகிக் காடேறிய காணிகளைக் கண்டார்கள். இந்திய வீட்டுத்திட்டம் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா கொடுத்தது. அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை ஏற ஏறப் பணம் தவணையாக வந்தது. போதாத பணத்துக்குச் சிலர் நகையை அடகு வைத்தார்கள், சிலர் கடன்பட்டார்கள். ஆனால் அந்த வரிசையில் நிற்கவே காணிப் பத்திரம் கேட்டார்கள். முப்பது வருடத்துக்கு மேலாகக் கொத்திப் பண்படுத்திய மண் தன்னுடையது என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லாதவர் என்ன செய்வார்?

சுவர் ஒரு மாரிக்குள் எழும்பிவிடும். தென்னை காய்க்க ஆறேழு வருடம் வேண்டும். கன்று என்றில்லாமல் பிள்ளை என்று நாம் சொல்கிற மரம் அது. அத்தனை காலம் பக்கத்தில் இருந்து வளர்க்கலாம் என்று நம்புகிறவர்தான் அதை வைப்பார். பத்திரம் கைக்கு வராதவர், கிணற்றடியில் தென்னைக்கென்று விட்ட இடத்தில் இந்த முறையும் பப்பாசி விதையைத்தான் போடுகிறார்.