கயிற்றின் மறுமுனையில் யார்?

"சுவாமி, கோயிலில ஓலை வாசிக்கேக்க நான் எழும்பி நிண்டு, இந்தக் கலியாணத்துக்குத் தடை இருக்கெண்டு சொல்லலாமோ?"

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில் வாழும் மூதாட்டி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று, திருப்பலி முடிந்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தபோது கேட்டது. அடையாளங்களை மாற்றி, அவருடைய இசைவோடு எழுதுகிறேன்.

அவர் 1990ஆம் ஆண்டில் மன்னார்க் கரையிலிருந்து படகேறி வந்தவர். உடன் வர மறுத்து அங்கேயே தங்கிவிட்ட மூத்த மகன், 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் காணாமற்போனார். போர் முடிந்தபின் ஊர் திரும்பிய இளைய மகனின் மகள் இப்போது கொழும்பில் பணிபுரிகிறாள். நீர்கொழும்பைச் சேர்ந்த சிங்கள இளைஞன் ஒருவனை மணக்க விரும்புகிறாள். அவன் கத்தோலிக்கன், நல்லவன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவனுடைய தந்தை இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இறுதிப் போரின்போது வன்னியில் இருந்தவர்.

திருமண ஓலையை மூன்று ஞாயிறு வாசித்து, தடை எதுவும் அறிந்தவர்கள் தெரிவிக்கவேண்டும் என்று நாம் கேட்கிறோம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1069ஆம் விதி அதை இறைமக்கள் அனைவருடைய கடமையாகவே ஆக்கியிருக்கிறது. அந்த முறையில் பார்த்தால் இங்கே தடை ஏதும் இல்லை. இருவரும் ஒரே திருமுழுக்குப் பெற்றவர்கள். உறவுமுறைத் தடை இல்லை. வேறு மணம் இல்லை. ஆகவே அன்று நான் தயங்காமல் விடை சொன்னேன்: "இல்லை அம்மா, சொல்ல இயலாது. பகைச் சுவரைக் கிறிஸ்து தம் உடலால் தகர்த்துவிட்டார் என்று பவுலடியார் எபேசியருக்கு எழுதவில்லையா? இந்தப் பிள்ளைகள் அதைத்தானே வாழ்ந்து காட்டுகிறார்கள்?"

அவர் தலையசைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "அது சரி சுவாமி. என்ர மகனை ஆர் கேட்டது?"

அந்தச் சொல்லோடு வீடு திரும்பினேன். என் விடையில் பிழை இல்லை. ஆனால் அது எனக்கு எந்தச் செலவும் வைக்காத விடை என்பது மட்டும் புரிந்தது.

இக்கேள்வியை நம் தூத்துக்குடிக் கரையில் இருந்து கேட்பதற்குத் தனி நியாயம் உண்டு. மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் முத்துக் குளித்தவர்கள் நம் முன்னோர். கொழும்பில் கடை வைத்தவர்களும், நீர்கொழும்பு, சிலாபம் ஊர்களில் குடியேறியவர்களும் நம் குடும்பங்களில் உண்டு. அக்கரையில் இன்று சிங்களம் பேசும் கத்தோலிக்கர் பலருடைய பாட்டன்மார் தமிழில் செபமாலை சொன்னவர்கள். பள்ளிமொழி மாறியபோது வீட்டுமொழியும் மாறியது. அந்த இளைஞனுடைய குடும்பமும் அப்படிப்பட்டதாக இருக்கலாம். வடக்கு என்றும் தெற்கு என்றும் பிரிந்து போரிட்டவர்கள் எவ்வளவு அருகிலிருந்து பிரிந்தவர்கள் என்பதை இக்கடற்கரை அறியும். எனினும் உறவு நெருக்கம் குருதியை அழித்துவிடாது. காயினும் ஆபேலும் அண்ணன் தம்பியரே.

காதலைக் கொண்டு போரை முடித்துவைக்கும் கதைகள் உலகில் புதியன அல்ல. வட அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை வடமாநிலங்களும் தென்மாநிலங்களும் உள்நாட்டுப் போர் புரிந்தன. போர் ஓய்ந்ததும், வடக்கத்திப் படைவீரன் தெற்கத்திப் பெண்ணைக் கைப்பிடிக்கும் கதைகள் ஏராளமாக எழுந்தன. ஜான் வில்லியம் டி ஃபாரஸ்ட் 1867ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவல் அவற்றுள் முற்பட்டது. தென்னகப் பற்றில் ஊறிய லில்லி ராவெனல் என்னும் பெண், இறுதியில் வடபடை அதிகாரி ஒருவனை மணக்கிறாள். பிரிவினையிலிருந்து விசுவாசத்திற்கு அவள் அடையும் மனமாற்றமே அந்நூலின் தலைப்பு. இத்தகைய கதைகளில் ஓர் ஒழுங்கு உண்டு: மணமகன் பெரும்பாலும் வென்ற பக்கம், மணமகள் தோற்ற பக்கம். மனம் மாறவேண்டியவள் அவளே.

அதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. அப்போரின் மையத்தில் இருந்தவர்கள் கறுப்பின அடிமைகள். 1865இல் சட்டப்படி விடுதலை பெற்றனர். ஆனால் 1877இல் கூட்டாட்சிப் படைகள் தென்மாநிலங்களில் தங்கள் காவலை விலக்கிக்கொண்டபின், அவர்களுடைய வாக்குரிமை படிப்படியாகப் பறிக்கப்பட்டது. வெள்ளையருள் வடக்கும் தெற்கும் கைகோத்துக்கொண்ட அந்த மணப்பந்தலில், நீதி கேட்டு நின்றவனுக்கு இடம் இல்லாமற் போயிற்று. ஒப்புரவு என்னும் அழகிய சொல் இப்படியும் பயன்பட்டிருக்கிறது.

ஆகவே, இத்தகைய காதலைக் கண்டு ஐயுறுவோரை நாம் எளிதில் பழிக்கமுடியாது. சிங்கள இயக்குநர் பிரசன்ன விதானகே 2012ஆம் ஆண்டில் எடுத்த திரைப்படம் ஒன்று உண்டு. 'நீயின்றி, உன்னோடு' என்று அதன் சிங்களப் பெயரைத் தமிழில் சொல்லலாம். 2014 ஜூன் மாதத்தில் சென்னைத் திரையரங்குகளில் அதைக் காட்ட முற்பட்டபோது, மிரட்டல்களால் காட்சிகள் நிறுத்தப்பட்டன. மிரட்டல் தவறு. ஆனால் 'இவ்வளவு பேர் இறந்த இடத்தில் காதல் கதையா?' என்ற வேதனை தவறாகாது. அந்தப் படம் அவ்வேதனையை அறிந்தே எடுக்கப்பட்டது என்பதுதான் வருத்தத்திற்குரிய முரண்.

மலையகத்துச் சிற்றூர் ஒன்றில் சரத்சிறி என்னும் சிங்களவன் அடகுக்கடை வைத்திருக்கிறான். வடக்கே உடன்பிறந்தவர்களைப் போரில் பறிகொடுத்த செல்வி, நகைகளை அடகு வைக்க அங்கு வருகிறாள். மணமுடிக்கிறார்கள். அவள் மனத்தில் அன்பும் அரும்புகிறது. ஒருநாள் பழைய தோழன் ஒருவன் வருகிறான். தன் கணவன் இராணுவத்தில் இருந்தவன் என்பதை அப்போதுதான் அவள் அறிகிறாள். அதன்பின் அந்த வீட்டில் மூச்சுவிட அவளால் இயலவில்லை. இரஷ்ய எழுத்தாளர் தஸ்தயெவ்ஸ்கி 1876இல் எழுதிய ஒரு சிறுகதையைத் தழுவியது இப்படம். அக்கதையில் அடகுக்கடைக்காரனின் இளம் மனைவி, திருவுருவப் படம் ஒன்றை மார்போடு அணைத்தபடி சாளரத்திலிருந்து குதித்து இறக்கிறாள். அவன் அவளை நேசிக்காமல் இல்லை. அவளிடம் பேசவேண்டிய காலத்தில் பேசவில்லை; அவ்வளவுதான்.

சரத்சிறியின் குற்றம் எது? படையில் இருந்ததா, அதை மறைத்ததா? போரில் அவன் செய்தவற்றைக் கடவுளும் நீதிமன்றமும் தீர்க்கட்டும். மணவாழ்வைப் பொறுத்தவரை அவன் குற்றம் மௌனமே. திருச்சபைச் சட்டத்தின் 1098ஆம் விதி இங்கு நினைவுக்கு வருகிறது. மணவாழ்வின் உறவைக் கடுமையாகக் குலைக்கக்கூடிய ஒரு தன்மையை, சம்மதத்தைப் பெறும்பொருட்டு வஞ்சகமாக மறைத்தால் அந்தத் திருமணம் செல்லாது என்கிறது அது. சரத்சிறியின் மௌனம் அவ்விதிக்குள் அடங்குமா என்று தீர்ப்பது திருச்சபை நீதிமன்றத்தின் வேலை. அவ்விதிக்குள் இருக்கும் உண்மை நம் எல்லாருக்கும் உரியது: தெரியாத ஒன்றுக்கு ஒருவர் சம்மதம் தரமுடியாது, தெரியாத ஒன்றை ஒருவர் மன்னிக்கவும் முடியாது.

ஆனால் மூதாட்டியின் கேள்வி இதற்கும் அப்பால் செல்கிறது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் போதுமா? அவருடைய பேத்தி, தன் பெரியப்பாவுக்கு நேர்ந்ததை அவர் சார்பில் மன்னிக்க முடியுமா?

நம் கடற்கரையில் முத்துக்குளிப்பைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. மூழ்குபவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனையைத் தோணியில் பிடித்திருப்பவன் அவனுடைய மச்சானாக, மனைவியின் உடன்பிறந்தவனாக இருப்பானாம். தன் சகோதரியின் தாலிக்காக அவன் கயிற்றை நழுவவிடமாட்டான் என்ற நம்பிக்கை. 1961க்குப் பின் இங்கே பெரிய முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. எனினும் அந்தக் கயிற்றைப் பற்றிய பேச்சு மறையவில்லை. ஒருத்தியை மணப்பவன் அவளை மட்டும் பெறுவதில்லை. தன் உயிரைப் பிடித்திருக்கும் ஒரு கையையும் பெறுகிறான்.

அந்தக் கையே போரில் இல்லாமற் போயிருந்தால்? செல்வியின் கணவனுக்குக் கயிறு பிடிக்கவேண்டியவர்கள் அவளுடைய சகோதரர்கள். நம் மூதாட்டியின் பேத்தியை மணக்கப்போகிறவனுக்கு முறைப்படி வாழ்த்துச் சொல்லவேண்டிய பெரியப்பா எங்கே என்று யாருக்கும் தெரியாது. இறந்தோரும் காணாமற்போனோரும் ஓலை வாசிக்கும்போது எழுந்து நிற்க இயலாது. அதனாலேயே அவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம்.

விவிலியம் அப்படி முடிவுகட்டுவதில்லை. மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் உள்ள தலைமுறை அட்டவணையை வாசிக்கும்போது நம்மில் பலர் கொட்டாவி விடுகிறோம். அதிலே ஐந்தாம் வசனத்தில் ரூத்து வருகிறாள். அவள் மோவாபு நாட்டவள். அந்நாட்டவர் ஆண்டவரின் சபையில் நுழையக்கூடாது என்று இணைச்சட்டம் சொல்லியிருந்தது. பகைநாட்டுப் பெண் மீட்பரின் குலமுதல்வி ஆகிறாள். என் முதல் விடைக்கு அவளே சான்று.

ஆனால் அடுத்த வசனத்தையும் வாசிக்கவேண்டும். தாவீதின் மகன் சாலமோனின் தாய் பத்சேபா. மத்தேயு அவள் பெயரை எழுதவில்லை. உரியாவின் மனைவி என்றே எழுதுகிறார். தாவீது உரியாவைப் போர்முனையில் கொல்லச் செய்தான். அவன் மனைவியை மணந்தான். நாத்தான் வந்து முகத்துக்கு நேரே குற்றத்தைச் சொல்லும்வரை வாய்திறவாமல் இருந்தான். பின்பு மனம் வருந்தினான், கடவுளும் மன்னித்தார். அந்த மணத்தில் பிறந்த சாலமோனை ஆண்டவர் நேசித்தார். எல்லாம் மன்னிக்கப்பட்டு நூற்றாண்டுகள் கடந்தபின்னும், மெசியாவின் குலவரிசையில் கொலையுண்டவனின் பெயர் நிற்கிறது. கடவுளின் மன்னிப்பு உரியாவின் பெயரை அழித்துவிட்டு வரவில்லை. அதை உடன் அழைத்துக்கொண்டு வந்தது.

யார் மன்னிப்பது என்ற கேள்விக்கு என்னால் இயன்ற விடை இதுவே. அவரவர் தம் காயத்தையே மன்னிக்கமுடியும். சிலுவையில் தம்மை அறைந்தவர்களுக்காகத் தந்தையிடம் மன்றாடியவர் அறையப்பட்டவரே. கல்லெறிந்தவர்களுக்காக மன்றாடிய ஸ்தேவானும் கல்லடிபட்டவரே. தாய் தன் துயரை மன்னிக்கலாம். மகனுக்கு நேர்ந்ததை மகனே மன்னிக்கவேண்டும். அவர் இவ்வுலகில் இல்லையென்றால் இறைவனிடம் இருக்கிறார் என்று அறிக்கையிடுகிறோம். ஆதலால் அவர் சார்பில் நாம் பேசமுடியாது. அவரோடு சேர்ந்து மன்றாடலாம்.

உயிரோடு இருப்போருக்கு மூன்று கடமைகள் எஞ்சுகின்றன. ஒப்புரவு அருட்சாதனம் நமக்குக் கற்பிக்கும் அதே மூன்று: மனத்துயர், அறிக்கையிடல், பரிகாரம். தனி மனிதனுக்கு விதித்ததை நாட்டுக்கு மட்டும் தள்ளுபடி செய்ய இயலாது. மறைந்த மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, 2011 ஜனவரியில் இலங்கை அரசு அமைத்த விசாரணைக் குழுவின் முன் ஓர் எண்ணை வைத்தார். 2008 அக்டோபரில் வன்னியில் இருந்ததாக அரசு அலுவலகப் பதிவு காட்டியவர்கள் 4,29,059 பேர். அரசுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380 பேர். எஞ்சிய 1,46,679 பேர் என்ன ஆனார்கள் என்று கேட்டார். அவர் மறைந்தது 2021இல். ஓர் ஆயர் நாட்டுக்கு வாசித்த ஓலை அது. 2015 ஜனவரியில் இலங்கை வந்த திருத்தந்தை பிரான்சிசும், உண்மையைத் தேடுவது புண்ணைக் கிளறுவதற்காக அன்று, ஆற்றுவதற்காகவே என்ற பொருளில் பேசினார்.

அந்த இளைஞன் தந்தையின் குற்றத்தைச் சுமக்கவேண்டியவன் அல்லன். தந்தையின் பாவம் மகனைச் சேராது என்று எசேக்கியேல் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அவன் தந்தை குற்றம் புரிந்தவர் என்றும் நமக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பெண்ணின் கையைப் பற்றுகிறவன், அவள் வீட்டில் ஒரு பெயர் வெறுமையாகத் தொங்குவதை அறிந்தே பற்றவேண்டும். அந்தப் பெயரைக் கேட்கும் பொறுமை அவனுக்கு வேண்டும்.

சில வாரங்களுக்குப் பின் மீண்டும் அந்த மூதாட்டியைக் கண்டேன். "அம்மா, ஓலை வாசிக்கும்போது தடை சொல்ல உங்களுக்கு இடம் இல்லை. ஆனால் உங்கள் மகனைப் பற்றிப் பேச இடம் உண்டு. அந்தப் பையனிடமே பேசுங்கள்" என்றேன். தொலைபேசியில் பேசினார்களாம். பேத்தி இடையில் மொழிபெயர்த்தாளாம். திருமணத் திருப்பலியின் மன்றாட்டில் பெரியப்பாவின் பெயரைச் சொல்லலாமா என்று அவனே கேட்டிருக்கிறான்.

"சொல்லச் சொன்னீர்களா?" என்று கேட்டேன்.

"சொல்லட்டும் சுவாமி. ஆனா செத்த ஆக்களோட சேர்த்துச் சொல்லவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்."

அந்தத் தாய் இன்னும் காத்திருக்கிறார். எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று தெரியாத அந்தப் பெயரை அவன் எழுதிக்கொண்டான், சிங்கள எழுத்தில். அவன் தந்தை இதுவரை ஒன்றும் பேசவில்லை. ஓலை இன்னும் வாசிக்கப்படவில்லை.

இக்கரையில் இருந்து நாம் செய்யக்கூடியது சிறிதே. அந்த மூவருக்காகவும், பேசாதிருக்கும் அந்தத் தந்தைக்காகவும் பனிமய அன்னையிடம் வேண்டுவோம். கயிறு அறுந்துவிடவில்லை.