பால் கொணர்ந்த முதிய தம்பதியர்

குத்தம்பாக்கத்திற்கு அண்மையில் விளங்கும் திருமழிசை, மஹீஸார க்ஷேத்ரம் எனப் போற்றப்படுவது; தை மகத்தில் திருமழிசையாழ்வார் அவதரித்த புண்ணிய பூமி. அங்கு ஸ்ரீ ஜகந்நாதப் பெருமாளைச் சேவிக்கும் அன்பர்கள் ஆழ்வாருடைய சரிதத்தை அறிவர். ஆயினும், அதில் வரும் முதிய தம்பதியரைப் பற்றிச் சிந்திப்பவர் சிலரே.

பிரம்பு அறுக்கும் திருவாளனும் அவர் பத்தினி பங்கயச்செல்வியும் கண்டெடுத்து வளர்த்த அத்தெய்வக் குழந்தை, பால் உண்ணாதிருந்தது. இதனைக் கேள்வியுற்ற முதியவர் ஒருவர், தம் மனைவியுடன் பாலைக் காய்ச்சிக் கொணர்ந்து ஸமர்ப்பித்தார். குழந்தை அமுதுசெய்தருளிற்று. அன்று தொட்டு நாள்தோறும் இருவரும் பால் கொணர்ந்தனர். ஒருநாள் ஆழ்வார் அருளிய சேஷத்தை உட்கொண்டு, முதுமை நீங்கி இளமை பெற்றனர். அவர்களுக்குப் பிறந்த புதல்வரே கணிகண்ணன் என்று குருபரம்பரை கூறும்.

இளமை மீண்டது அருளால். அருள் வருமுன் அவ்விருவரும் செய்தது யாது? மகப்பேறில்லாத அவர்கள், பிறர் வீட்டுக் குழந்தையின் பசிக்காகச் சேர்ந்து பால் காய்ச்சினர், அவ்வளவே. பால் காய்ச்சுபவர்க்கு மனம் அடுப்பிலேயே இருத்தல் வேண்டும். சற்று அயர்ந்தால் பொங்கி வழிந்துவிடும்.

முதிய இல்லறமும் அத்தகையதே. பணி ஓய்வு, நோய், தூர தேசத்தில் வாழும் மக்கள் என்று கவலைகள் மனத்தை அழுத்துகின்றன. உறக்கம் குறைந்தவர்க்குச் சொல் கடுமையாகிறது. அக்கடுமை அருகில் இருப்பவர்மேலேயே விழுகிறது. நாற்பது ஆண்டுகள் உடனிருந்தவர் இனி எங்குச் செல்வார் என்னும் துணிவே அலக்ஷியத்திற்கு வித்து.

இதற்கு மருந்து மனம் அயராதிருத்தல். சினம் எழும்போது மூச்சை நிதானித்து, திருநாமத்தை ஒருமுறை நினைந்து, பின்னரே மறுமொழி கூறுக. துணைவர் பேசும்பொழுது முழுதும் செவிகொடுத்துக் கேட்க. நாள்தோறும் ஒரு சிறு கைங்கர்யத்தை இருவரும் சேர்ந்து செய்க. ஒருவர் துளசி கொய்யட்டும், மற்றவர் தொடுக்கட்டும். இருவர் கண்களும் ஒரே மாலையில் படியும்பொழுது பழைய மனக்குறைகள் தாமே தளரும்.

உடலுக்கு இளமை மீளாமற் போகலாம். அன்பிற்கு மீளும். திருவிழாவில் பிராட்டியுடன் எழுந்தருளும் பெருமாளைச் சேவித்துத் திரும்பும் முதிய தம்பதியர், அந்த அன்பையே பிரஸாதமாகப் பெற்று இல்லம் ஏகுவார்களாக!