வீழாத இராஜ்யம்

புதுடில்லியின் ஆர்.கே.புரம் மத்திய அரசு ஊழியர்களுக்காக எழுப்பப்பட்ட பெரிய குடியிருப்புகளுள் ஒன்று. அரசுப் பணியின் நிமித்தம் தமிழகத்தைவிட்டு வந்த குடும்பங்கள் பல அங்கே வாழ்ந்துவருகின்றன. அவ்வீடுகளின் நடுவே லோதி சுல்தான்கள் காலத்துக் கல்லறை மண்டபங்கள் சில இன்றும் நிற்கின்றன. 1451-இல் தொடங்கிய லோதிகளின் ஆட்சி 1526-இல் பானிப்பட்டுப் போர்க்களத்தில் பாபரிடம் வீழ்ந்தது. பாபரின் வம்சத்துக் கடைசி அரசரான பகதூர் ஷா ஜாபர் 1862-இல் ரங்கூனில் கைதியாக மரித்தார். 1911-இல் டில்லி தர்பாரில் தலைநகர் மாற்றத்தை அறிவித்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் சாம்ராஜ்யமும் 1947-இல் இந்நாட்டைவிட்டு அகன்றது. இந்தியா கேட் அருகே நின்ற அவருடைய சிலை 1968-இல் அகற்றப்பட்டு, அந்தத் தர்பார் நடந்த மைதானத்திலேயே பின்பு ஒதுக்கி வைக்கப்பட்டது.

இராஜ்யங்கள் நிலையற்றவை என்று அறிய விசுவாசம் தேவையில்லை, கண்கள் போதும். ஆனால் எல்லாம் அழியும் என்ற அறிவு மட்டும் நம்பிக்கை ஆகாது. அது மனிதனைச் சோர்வுக்கே நடத்தக்கூடும். அழிகிறவற்றின் மத்தியில் அழியாதது ஒன்று உண்டா என்பதே கேள்வி.

இக்கேள்விக்குத் தானியேல் புத்தகத்தின் 2-ஆம் அதிகாரம் பதிலளிக்கிறது. நேபுகாத்நேச்சார் சொப்பனத்தில் ஒரு பெரிய சிலையைக் கண்டான். தலை பொன், மார்பு வெள்ளி, வயிறு வெண்கலம், கால்கள் இரும்பு, பாதங்களோ இரும்பும் களிமண்ணும். மனிதர் கைபடாமல் பெயர்ந்த ஒரு கல் அதன் பாதங்களில் மோதிற்று. சிலை தூளாயிற்று, கல்லோ மலையாகிப் பூமியெங்கும் நிரம்பிற்று. பொன் தலை அந்த ராஜாவே என்றார் தானியேல். மற்ற உலோகங்கள் எந்தெந்த இராஜ்யங்களைக் குறிக்கின்றன என்பதில் வேத அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் முடிவைப்பற்றி ஐயமில்லை: தேவன் எழுப்பும் இராஜ்யம் என்றென்றைக்கும் நிற்கும்.

அப்படியானால் வீழப்போகும் பாபிலோனுக்காக ஏன் உழைக்க வேண்டும்? இந்த நம்பிக்கை உலகக் கடமையிலிருந்து தப்பிக்கும் வழியா? தானியேலின் வாழ்க்கையே இதற்கு மறுமொழி. எருசலேமிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்டவர் அவர். எந்த ராஜாவின் ஆட்சி முடியும் என்று அறிந்திருந்தாரோ, அதே ராஜாவின் காரியங்களை உண்மையாய் நடத்தினார். கி.மு. 539-இல் பாபிலோன் வீழ்ந்தபின், அடுத்த ஆட்சியும் அவரை உயர்ந்த பொறுப்பில் வைத்தது. பகைவர்கள் தேடியும் அவருடைய வேலையில் குற்றம் காணவில்லை. ஆயினும் ஜெபத்தை விட்டுவிடும்படி கட்டளை பிறந்தபோது, அவர் சிங்கக் கெபியையே ஏற்றுக்கொண்டார்.

சிறையிருப்பில் இருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய நிருபமும் இதையே போதிக்கிறது. எழுபது வருஷத்துக்குப்பின் விடுதலை உண்டு என்று உறுதியளித்த அதே நிருபம், அதுவரை வீடு கட்டவும், தோட்டம் நாட்டவும், அந்நிய நகரத்தின் சமாதானத்துக்காக ஜெபிக்கவும் சொல்கிறது. நம்பிக்கையும் கடமையும் அங்கே ஒன்றாய் நிற்கின்றன.

தீர்க்கதரிசனம் நாள் குறிக்கும் பஞ்சாங்கமும் அல்ல. அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியோர் 1844 அக்டோபர் 22-ஐக் கர்த்தர் வரும் நாளாக எதிர்பார்த்துப் பெரும் ஏமாற்றம் அடைந்தனர். காலங்களை அறிவது தம்முடைய சீஷருக்கு அடுத்ததல்ல என்று இயேசு முன்னமே உரைத்திருந்தார்.

விசுவாசிக்கு வேண்டியது தேதியல்ல, துணிவு. தவறான காகிதத்தில் கையெழுத்திடும்படி மேலதிகாரி வற்புறுத்தும்போது, பதவி உயர்வை இழக்கவும் அவன் ஆயத்தமாகலாம். அவனுடைய எதிர்காலம் அந்த அதிகாரியின் கையில் இல்லை. யாரும் கவனியாத ஏழை விதவையின் ஓய்வூதியக் கோப்பை அவன் தாமதமின்றி முடித்துக்கொடுக்கலாம். நீதியும் இரக்கமும் வரப்போகும் இராஜ்யத்தின் சட்டங்கள். அரசுகள் மாறும், ஒருநாள் குடியிருப்பையும் காலிசெய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். அதுவரை அந்த நித்திய ராஜாவின் பிரஜையாக அங்கே வாழ்வதே மெய்யான நம்பிக்கை.